வண்டி நலமாக நிற்கிறது

மார்ச் 3, திங்கள்

செவல்மேடு நகராட்சியில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து இன்றோடு முப்பத்து நான்கு நாள். திருச்சிக்குத் திரும்ப இன்னும் எத்தனை நாள் என்று தெரிந்தால் இறங்குமுகமாக எண்ணலாம். தெரியாததால் ஏறுமுகமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் இன்று வரவேண்டும். வரவில்லை. வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து, "தண்ணி ஏன் வரலன்னு முனிசிபாலிட்டில யார்ட்டம்மா கேக்கணும்?" என்றார். என்னிடம்தான் கேட்க வேண்டும். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

மாலை ஆணையாளர் கூப்பிட்டார். மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் மேசையில் ஒரு கோப்பும் இருக்கக் கூடாது என்பது அவர் விரதம்.

"அமுதவல்லி, உரக்கிடங்குல ஒரு புல்டோசர் நிக்குது. ஒம்பது வருசமா ஓடல. வண்டி ஓடல, ஆப்பரேட்டர் மட்டும் எதுக்குன்னு தணிக்கையில கேட்டிருக்காங்க. ரிப்பேர் பண்ணலாமா, கண்டம் பண்ணிப் பழைய இரும்புக்குப் போடலாமா, நீங்க பாத்து ஒரு ரிப்போர்ட் குடுங்க."

"சார், நான் சிவில். ரோடு, வாய்க்கால்..."

"புல்டோசர் எதுல ஓடுது? மண்ணுலதான? அப்ப சிவில்தான்."

எழுந்து வரும்போது, "கண்டம்னு எழுதுனா ஒரே பக்கத்துல முடிஞ்சிரும்" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உங்க திருச்சி டிரான்ஸ்ஃபர் விண்ணப்பமும் இந்த மேசையிலதான் கெடக்கு" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

உரக்கிடங்கு ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர். பெயரில்தான் உரம். மற்றதெல்லாம் குப்பை. குப்பை மேட்டின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் புல்டோசர் நிற்கிறது. கோப்பில் மஞ்சள் நிறம் என்று இருக்கிறது. நேரில் ஆறிப்போன பருப்புச் சாதத்தின் நிறம். முன்பக்க இரும்புப் பிளேடின் மேல் இரண்டு வெள்ளாடுகள் படுத்திருந்தன. மேலே இருக்கையில், கம்பியில் கட்டிய குடைக்குக் கீழே, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து சல்யூட் அடித்தார்.

"குருவையா, மேடம். டோசர் ஆப்பரேட்டர்."

"வண்டிக்கு என்னங்க?"

"கொஞ்சம் மூச்சுத் திணறல் மேடம்."

"எவ்வளவு நாளா?"

"ஒம்பது வருசமா."

பதிவேடு கேட்டேன். பதினெட்டு நோட்டுகள் கொண்டுவந்தார். ஒரு நாள் விடவில்லை. 'ஆயில் பார்த்தேன். துடைத்தேன். வண்டி நலமாக நிற்கிறது.' 'மழை. தார்ப்பாய் போட்டேன். வண்டி நலம்.' ஒரு தீபாவளிக்கு மறுநாள்: 'வெடிச் சத்தத்தால் வண்டிக்குப் பாதிப்பு இல்லை.'

நான் நோட்டைப் புரட்டிய ஒரு மணி நேரத்துக்குள் அவரைத் தேடி நாலு பேர் வந்தார்கள். லாரி டயரைக் கழற்றி மாட்டினார். தண்ணீர் மோட்டாரை ஓட வைத்தார். ஒரு ஜோடிக் கையுறைக்காகச் சண்டை போட்ட இரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு ஜோடி எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக் மூட்டைக்குள் இருந்த சாரைப் பாம்பை வாலைப் பிடித்துக் கொண்டுபோய் வேலிக்கு அப்பால் விட்டார். அந்தக் கிடங்கில் குருவையா செய்யாத ஒரே வேலை புல்டோசர் ஓட்டுவதுதான்.

மார்ச் 8, சனி

திருச்சி. கணவர் ஞானசேகருக்கு வங்கியில் வேலை. நான் செவல்மேடு போனதிலிருந்து வீட்டில் சமையலும் அவர்தான். இரண்டு பேருக்கு மாவு அரைத்தே பழகிவிட்டதாம்.

"கண்டம்னு எழுதிட்டு வந்து சேரு. உன் பங்கு மாவு வாராவாரம் புளிச்சுப் போகுது."

நியாயம்தான். திங்கட்கிழமையே எழுதிவிடலாம். ஆனால் ஒரு மெக்கானிக்கின் கருத்து இல்லாமல் எழுதினால் தணிக்கையில் மறுபடி கேட்பார்கள். அதற்காக மட்டும்தான் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

தூத்துக்குடியிலிருந்து சவரிமுத்து வந்தார். அறுபது வயது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் கனரக வண்டிகள் பார்த்தவர். இரண்டு பஸ் மாறி, ஒரு கோணிப்பை நிறைய ஸ்பேனரோடு வந்து இறங்கினார். வண்டியை மூன்று முறை சுற்றி வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"டோசருக்குப் பாதி விலை காலுக்குக் கீழதான், இஞ்சினியரம்மா. மொதல்ல செருப்பப் பாப்போம்."

நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் சொன்னது, சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலியில் வரிசையாக இருக்கும் இரும்புத் தகடுகளை. பாதிதான் தேய்ந்திருக்கிறதாம். பிறகு ஒரு நீளக் கடப்பாரையை எங்கோ செருகி இஞ்சினைத் திருப்பினார். முனகிக்கொண்டு திரும்பியது. "இறுகிப் போகல. உயிரு கெடக்கு" என்றார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தவர், அப்படியே நின்றார்.

"நிக்கிற வண்டிக்கு எவம்ல ஆயில் மாத்துனான்?"

குருவையா பள்ளிக்கூடத்தில் போல ஒரு விரலைத் தூக்கினார்.

மறுபக்க மூடியைத் திறந்ததும்தான் விஷயம் தெரிந்தது. டீசல் பம்ப் இல்லை. அது இல்லாமல் இஞ்சினுக்கு ஒரு சொட்டு டீசல் போகாதாம்.

"திருட்டு" என்றேன்.

"திருட்டா?" சவரிமுத்து குனிந்து காட்டினார். "நாலு போல்ட்டயும் கழத்தி, திரும்ப அதே ஓட்டையில மாட்டி வச்சிருக்கான். டீசல் குழாய் வாயில எண்ணெத் துணி சுத்தி நூலக் கட்டியிருக்கான். நான் பாத்த திருடன் எவனுக்கும் இம்புட்டுப் பொறும கெடையாது."

பொறுப்புள்ள திருடன் போலிருக்கிறது. குருவையாவின் கருத்தைக் கேட்கலாமென்று திரும்பினால், அவர் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தார்.

மார்ச் 13, வியாழன்

பம்ப் எப்போது திருடு போனது என்று குருவையாவைக் கேட்டேன். பதிவேட்டில் எல்லா நாளும் நலம் என்றுதான் இருக்கிறது என்றார்.

மார்ச் 19, புதன்

பணியமைப்புப் பிரிவு எழுத்தரிடம் குருவையாவின் கோப்பை வாங்கிப் பார்த்தேன். இந்தப் புல்டோசரின் முதல் ஓட்டுநர் அவருடைய அப்பா இருளப்பன். பணியிலிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் மகனுக்கு அதே வேலை.

"வண்டியைக் கண்டம் பண்ணினா இவருக்கு எங்க போஸ்டிங்?"

"போஸ்டிங்கா? அந்தப் பணியிடமே வண்டிக்காக உண்டானது மேடம். வண்டி போனா அதுவும் போயிரும். அவரு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

கோப்பில் ஒரு புகைப்படம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய குருவையா. அதே மடிப்புக் கலையாத சட்டை.

ரிப்பேர் செய்வதற்கான சாத்தியத்தையும் முழுமையாக ஆராய்வதுதான் முறை என்று தோன்றுகிறது. இதில் உணர்ச்சிக்கு இடமில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையில் கதவைத் தட்டிக் குருவையா நிற்கிறார். "மேடம் வீட்டுக்குத் தண்ணி ஏறலன்னு கேள்விப்பட்டேன்." தெருவோர வால்வைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு முழுப் பழைய வேட்டியை உருவி எடுத்தார். தண்ணீர் பீறிட்டது. தெருவே குடத்தோடு ஓடிவந்தது. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக மரியாதை தெரிந்தது.

இதுதான் சமயம் என்று நல்ல செய்தியைச் சொன்னேன். "குருவையா, வண்டியைக் கண்டம் பண்ணப் போறதில்ல. ரிப்பேர் பண்ணி ஓட வைக்கப் போறேன். நீங்க மறுபடியும் ஓட்டலாம்."

அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. கண் கலங்கிவிட்டது. படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நன்றி உணர்ச்சி இன்னும் இந்த உலகத்தில் இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

ஒரு சிறு தாமதம். குருவையா மனைவி வெள்ளத்தாயின் கோழி புல்டோசர் இருக்கையில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

"அடைக் கோழியக் கெளப்பக் கூடாது மேடம். இருவத்தோரு நாளு. பாவம்" என்றார் குருவையா.

சவரிமுத்துவிடம் போனில் கேட்டேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "கோழி சொல்லுதது சரிதான்" என்றார். பம்ப் தேடவும் அவருக்கு அவ்வளவு நாள் ஆகுமாம்.

'பருவகாலக் காரணங்களால் ஆய்வு மூன்று வாரம் ஒத்திவைக்கப்படுகிறது' என்று கோப்பில் எழுதினேன். ஆணையாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 5, சனி

திருச்சி போகவில்லை. பஸ்ஸில் கூட்டம் அதிகமாக இருக்கும். சாயங்காலம் சும்மா நடந்துவிட்டு வரும் வழியில் கோழியை எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கம்பு கொண்டுபோயிருந்தேன். நடை மொத்தம் ஆறு கிலோமீட்டர். உடம்புக்கு நல்லது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். விடுமுறை. ஏழு குஞ்சுகள். வெள்ளத்தாய் பாயசம் கொடுத்துவிட்டிருந்தாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பம்ப் எங்கும் இல்லை. சவரிமுத்து சென்னை, சேலம், கோயம்புத்தூர் என்று எல்லாப் பழைய சாமான் கடையிலும் சொல்லிவைத்துப் பார்த்துவிட்டார். "இந்த மாடலச் செஞ்சவனே மறந்துட்டாம்மா" என்றார். பம்ப் இல்லையென்றால் கண்டம்தான், வேறு வழியில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது வண்டியைத் தட்டிக்கொடுத்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

கண்டம் என்று ஒரு பக்க அறிக்கை எழுதிவிட்டேன். ஆணையாளர் படித்துவிட்டு, "இதான் நிர்வாகம். நாளைக்குச் சுத்தப் பிரதி எடுத்துக் கொண்டாங்க, ரெண்டு ஃபைலயும் சேத்தே கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார்.

குருவையாவிடம் நானே போய்ச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞானசேகரிடம் போனில் சொன்னேன். "அப்பாடா" என்றார். பிறகு, "என்ன, சந்தோசமா இல்லையா?" என்றார். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். தொண்டை கரகரப்பு.

ஏப்ரல் 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு வெள்ளத்தாய் வந்தாள். மெலிந்த உருவம், தலையில் ஒரு சாக்கு. அதைக் கூடத்தில் இறக்கியபோது தரை அதிர்ந்தது. சாக்குக்குள் பழைய சேலை, அதற்குள் இன்னொரு சேலை, அதற்குள் எண்ணெய் மினுங்க ஓர் இரும்பு.

"இந்தாங்க மேடம். ஒங்க பம்பு."

நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

"ஒம்பது வருசமா எங்க வீட்டு அரிசி டிரம்முக்குள்ளதான் இருக்கு. வெள்ளிக்கெழம தவறாம எடுத்து எண்ண தேச்சு வைப்பாக. எனக்குத் தலைக்கு எண்ண தேச்சுவிட்டதில்ல, இதுக்குத் தேச்சாக. சக்களத்தி மாதிரி இதோட குடும்பம் நடத்திட்டேன் மேடம்."

"எதுக்கும்மா கழட்டினாரு?"

"அவுகளுக்கு டோசர் ஓட்டத் தெரியாது."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவளே அடுப்படிக்குப் போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு முழுக் கதையும் சொன்னாள். அப்பா இருந்தவரை மகனை வண்டிப் பக்கமே விட்டதில்லை. படி, படி என்றே சொல்லியிருக்கிறார். மகனுக்குப் படிப்பும் ஏறவில்லை. அப்பா போனதும் உத்தரவில் 'ஆப்பரேட்டர்' என்று வந்துவிட்டது. தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். சேர்ந்த முதல் நாள் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஏறி ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். வண்டி பின்னால் போயிருக்கிறது. மறுநாள் திறப்பு விழாவுக்கு இருந்த புதுக் கழிப்பறைக் கட்டடம் அங்கேதான் இருந்திருக்கிறது.

"கட்டடம் விழுந்திருச்சா?"

"தரைமட்டம். யாரும் பாக்கல. சிமெண்டு சரியில்லன்னு அந்தக் கான்ட்ராக்டர் மேல எழுதிட்டாக. அந்த ஆளும் ஒத்துக்கிட்டான் மேடம்!"

அன்று மாலையே பம்ப் கழன்றுவிட்டது. இனி வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை.

"இத இப்ப ஏம்மா கொண்டுவந்தே?"

"வண்டி கண்டம்னா வேல போகும். வண்டி ஓடுனா வேல நிக்கும், ஆனா ஓட்டணும். ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சா அப்பவும் வேல போகும். ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். படிச்ச புள்ள, நீங்க யோசிங்கன்னு கொண்டாந்துட்டேன்."

அவள் போன பிறகு வெகுநேரம் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையை அப்படியே எழுதினால் ஒரு பக்கம் கூட ஆகாது. நாளைக்கே திருச்சி.

அலுவலகத்தில் ஆணையாளர் கண்டம் கோப்பைக் கேட்டார். காணவில்லை என்றேன். நான் கிழிக்கவில்லை. அரசுக் கோப்பைக் கிழிப்பது குற்றம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அதில் விழுந்திருக்கலாம்.

ஏப்ரல் 26, சனி

திருச்சி போகவில்லை. (காரணம் பிறகு யோசித்து எழுதுகிறேன்.)

சவரிமுத்து பம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குருவையாவைப் பார்த்தார். "திருடன் மனந்திருந்திட்டான் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்ட ஆரம்பித்தார். மூன்று மணிக்கு இஞ்சின் இருமியது. அடைத்துக்கொண்டது. மறுபடி இருமியது. பிறகு வேப்பமரமே மறையும்படி கரும்புகை விட்டு இடியாக முழங்கியது. ஆடுகள் வேலி தாண்டி ஓடின. குருவையா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு குறை. திருப்புவதற்கு இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என இரண்டு லிவர். நின்றே கிடந்ததில் வலது கிளட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது. புது கிளட்ச் பிளேட் வர ஜூன் ஆகும். அதுவரை இடது பக்கம் மட்டும்தான் திரும்பும்.

"வலது திரும்பணும்னா?"

"மூணு தடவ இடது திரும்பணும்" என்றார் சவரிமுத்து.

ஓட்டச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "நான் கழத்துவேன், மாட்டுவேன். ஓட்டுனது இல்ல தாயி" என்றார். ஆக எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆவண அறையில் புல்டோசரின் இங்கிலீஷ் கையேடு கிடைத்தது. கரையான் பாதி தின்றிருந்தது. மீதியை வைத்து என் வீட்டுக் கூடத்தில் காலை ஐந்தரைக்கு வகுப்பு நடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் குருவையா. இரண்டு கையிலும் இரண்டு குழம்புக் கரண்டி, அவைதான் திருப்பு லிவர்கள். கியருக்குத் தோசைத் திருப்பி. காலடியில் பிரேக்குக்கு இரண்டு தேங்காய் மூடி. நான் கையேட்டைத் தமிழில் சொல்கிறேன். வெள்ளத்தாய் எதிரே நின்று உத்தரவு போடுகிறாள்.

"எடது இழுங்க! அது எடதா? சாப்புடுற கை எது?"

"சாப்புடும்போது யோசிக்கிறதில்லடி!"

வீட்டுக்காரம்மா பால் கொண்டுவந்தவர், வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாலை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

மே 3, சனி

நிஜ வண்டியில் பயிற்சி. நாற்பது அடி முன்னால் போனார். நின்றார். நான் கை தட்டினேன். பின்னால் மட்டும் வர மாட்டேன் என்கிறார். ரிவர்ஸ் போட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார். மறுபடி வேப்பமரத்துக்கு வந்து சேர, கிடங்கையே இடப்பக்கமாக ஒரு வட்டம் அடித்தார்.

இறங்கி டீ குடித்தார். "எங்கப்பா இந்தச் சீட்டுல இருக்கும்போது ராசா மாதிரி இருப்பாரு மேடம். நான் கீழ நின்னு பாப்பேன். ஒரு நாளும் ஏறுடான்னு சொன்னதில்ல" என்றார். வெள்ளத்தாய், "இப்ப நான் சொல்றேன், ஏறுங்க" என்றாள். ஏறினார்.

மே 7, புதன்

கை இன்னும் புகை நாற்றம் அடிக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று.

மதியம் இரண்டு மணிக்குக் குப்பை மேடு பற்றிக்கொண்டது. கத்திரி வெயிலில் எந்தக் கண்ணாடித் துண்டோ, எந்தப் பீடியோ. நான் போய்ச் சேர்ந்தபோது மேற்குப் பக்கம் முழுவதும் ஆளுயரத் தீ. காற்று கிழக்கே அடிக்கிறது. கிழக்கே, மேட்டை ஒட்டித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. நாற்பது ஓட்டு வீடு. குருவையா வீடும் அதில்தான். தீயணைப்பு வண்டி பக்கத்து ஊரிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பெண்கள் பிள்ளைகளையும் டி.வி. பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள்.

"குப்பைக்கும் வீட்டுக்கும் நடுவுல மண்ணு வரைக்கும் வழிச்சுட்டா தீ தாண்டாது" என்றார் யாரோ. எல்லோரும் குருவையாவைப் பார்த்தார்கள். ஒன்பது வருடமாக அவர் ஆப்பரேட்டர். ஊருக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "முடியலன்னா இறங்கிருங்க குருவையா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"எல்லாரும் சொல்வாக மேடம்" என்று ஏறிவிட்டார்.

ஸ்டார்ட் ஆனது. முன்பக்க இரும்புப் பிளேடு இறங்கியது. வீட்டு வரிசையை ஒட்டி நேராகப் போனார். குப்பையும் முள்ளும் சுருண்டு விலக, பின்னால் செம்மண் ஒரு பாதையாகத் தெரிந்தது. கோடி வரை போய் நின்றார். ஒரு கோடு போதாது, இன்னும் இரண்டு கோடாவது வேண்டும். இடது பக்கம் தீ. வலது பக்கம் வண்டி திரும்பாது. பின்னால் வந்துதான் ஆக வேண்டும்.

வண்டி அங்கேயே நின்றது. உறுமிக்கொண்டே நின்றது. நான் என் வாழ்க்கையில் எண்ணிய எந்த நாளும் அவ்வளவு நீளமில்லை.

அப்போது வெள்ளத்தாய் மண் பாதையின் இந்தக் கோடியில் போய் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் வீசினாள். இரைச்சலில் சத்தம் கேட்காது. திரும்பி, கண்ணைத் திறந்து பார்த்தால்தான் துண்டு தெரியும். குருவையா திரும்பினார். பார்த்தார். புல்டோசர் பின்னாலேயே வந்தது. நேராக, ஒரு முழம் விலகாமல். அவள் துண்டை வீசிக்கொண்டே ஒதுங்கினாள். மறுபடி முன்னால். மறுபடி பின்னால். மூன்றாவது தடவை அவர் கழுத்தைத் திருப்பியபடியே ஏதோ கத்தினார். பிறகு கேட்டேன், 'ஓரமாப் போடி' என்றாராம்.

தீயணைப்பு வண்டி வந்தபோது தீ மண் விளிம்பு வரை வந்து, மேலே போக வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு வீட்டின் ஓடுகூடக் கறுக்கவில்லை.

நான் செய்ததையும் எழுத வேண்டும். வேப்பமரத்தடிக்கு ஓடி, கோழியையும் ஏழு குஞ்சுகளையும் ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு ரோட்டில் நின்றேன். உதவிப் பொறியாளரின் கடமைகளில் இது எங்கும் சொல்லப்படவில்லை.

மே 8, வியாழன்

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஆணையாளர் புல்டோசர் முன்னால் நின்று, "ரிப்பேர் பண்ணியே ஆகணும்னு ஆரம்பத்துலேருந்தே நான் பிடிவாதமா இருந்தேன்" என்றார். ஆடு ஒன்றும் படத்தில் விழுந்திருக்கிறது.

மே 9, வெள்ளி

ஆணையாளர் அறையில் நான் இருந்தபோது குருவையா உள்ளே வந்தார். நான் சொல்லி அவர் வரவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

"சார், ஒரு உண்ம சொல்லணும். ஒம்பது வருசத்துக்கு முன்னால அந்தப் பம்பக் கழத்துனது..."

"குருவையா!" ஆணையாளர் இரண்டு கையையும் தூக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி ஐந்து நிமிடம். "மத்தியானத்துக்கு மேல நான் அரை நாள் லீவு. லீவுல இருக்கிறவன்கிட்ட யாரும் எதையும் ஒத்துக்க முடியாது. அது செல்லாது."

"நீங்க இங்கதான சார் இருக்கீங்க?"

"நாற்காலிதான் இங்க இருக்கு." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு குரல் மாறியது. "இப்ப ஓட்டத் தெரியுமா?"

"எடது பக்கம் தெரியும் சார்."

"போய் ஓட்டு."

குருவையாவுக்கு நிம்மதியில்லை. ஒத்துக்கொள்ள வந்தவரை யாரும் ஒத்துக்கொள்ள விடவில்லையே என்று வருத்தம். கிடங்குக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தார். சாயங்காலம் எனக்குக் காட்டினார். மே ஏழாம் தேதிக்கு நேரே: 'வண்டி ஓடியது. பயந்தேன். ஓட்டினேன்.' கீழே, நான்கு பக்கத்துக்கு, கழிப்பறையிலிருந்து அரிசி டிரம் வரை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். என்றைக்காவது தணிக்கைக்காரர்கள் பதிவேட்டைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றார். தணிக்கைக்காரர்கள் பதிவேட்டை எண்ணுவார்களே தவிரப் படிக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

என் அறிக்கையையும் முடித்தேன். பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில் 'நீண்ட காலம் ஓட்டப்படாமை' என்று எழுதினேன். பொய்யில்லை. பரிந்துரை: சீரமைக்கத் தக்கது.

மே 31, சனி

ஆணையாளருக்குப் பிரிவு உபசாரம். மாலை, சால்வை, ஆளுக்கொரு மைசூர்பாகு. கிளம்பும்போது என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தார். திருச்சி மாறுதல் உத்தரவு. அவர் போட்ட கடைசிக் கையெழுத்தாம்.

நான்கு மாதமாகக் காத்திருந்த உத்தரவு. மகிழ்ச்சி. வலது கிளட்ச் பிளேட் பத்தாம் தேதிதான் வருகிறது. அதை மாட்டும்போது பொறியாளர் உடனிருப்பது நிர்வாக ரீதியில் நல்லது. புதிய ஆணையாளரிடம் பத்து நாள் கேட்கலாமா என்று ஞானசேகரிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை நானே வர்றேன்" என்றார்.

ஜூன் 7, சனி

ஞானசேகர் காலையிலேயே வந்துவிட்டார். என் பெட்டி, பாய், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் கட்டி முடித்தார். வங்கிக்காரர் என்பதால் எதை எண்ணினாலும் இரண்டு முறை எண்ணுகிறார். ஒன்றரை மணி பஸ்.

போகும் வழியில் கிடங்கில் ஐந்தே நிமிடம் நிறுத்தச் சொன்னேன். அது வழியில் இல்லைதான், ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. குருவையாவும் வெள்ளத்தாயும் மரத்தடியில் நின்றார்கள். வெள்ளத்தாய் ஒரு மூடிபோட்ட கூடையை ஞானசேகர் கையில் கொடுத்தாள். உள்ளே இரண்டு குஞ்சுகள். அவர் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அப்ப கிளம்புறேன்" என்றேன்.

"ஏறுங்க மேடம்" என்றார் குருவையா.

"எதுல?"

"வண்டியில. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தீக. நீங்க ஒரு தடவகூட ஏறிப் பாக்கலியே."

மாட்டேன் என்றேன். சேலை கட்டியிருக்கிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அதற்குள் ஒரு கால் சங்கிலியின் மேல் இருந்தது.

மேலிருந்து பார்த்தால் ஊர் வேறு மாதிரி தெரிகிறது. தண்ணீர்த் தொட்டி, ஓட்டு வீடுகள், தூரத்தில் என் மாடி. இஞ்சின் ஓடியதும் பல்லெல்லாம் அதிர்ந்தது. குருவையா பக்கத்துத் தகட்டில் நின்றுகொண்டு விரலால் காட்டினார். நான் கியர் லிவரை முன்னால் தள்ளினேன். பதினைந்து டன் இரும்பு என் பேச்சைக் கேட்டு நகர்ந்தது. கத்தினேன் என்று நினைக்கிறேன். ஆறடி போயிருக்கும். இடது லிவரை இழுத்தேன். வேப்பமரம் மெதுவாக வலது பக்கம் நகர்ந்து போனது.

கீழே ஞானசேகர் ஒரு கையில் கோழிக்கூடையோடு, இன்னொரு கையைத் தூக்கிக் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே வண்டியோடு நடந்து வந்தார். அடுத்த பஸ் மூன்றரைக்கு இருக்கிறது என்று கத்திச் சொன்னேன். அவர் காதில் விழுந்திருக்காது. நான் மறுபடியும் இடது லிவரை இழுத்தேன்.